மருந்துக் கொம்பில் கீறல் வேலை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொம்புப்பட்டறை, பாறசாலை:

எல்லாருக்கும் வணக்கம். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் எங்கள் பட்டறை இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அப்பா தந்தம் செதுக்கியவர். 1991-ல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்ததும் எருமைக் கொம்புக்கு மாறினார். எனக்குக் கை பழகியது கொம்பில்தான். கொக்கு, மீன், சீப்பு, பேனாக் கூடு என்று செய்து திருவனந்தபுரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம்.

இப்போது வந்திருப்பது நான் இதுவரை தொடாத வேலை. என் அக்கா மகன் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருக்கிறான். 18-ஆம் நூற்றாண்டுச் சண்டைகளை அந்தக் காலத்து உடுப்போடு நடித்துக் காட்டுகிறவர்கள் அங்கே உண்டாம். அவர்களில் ஒருவருக்கு வெடிமருந்து வைக்கிற கொம்பு ஒன்று வேண்டும். "எங்க மாமா செய்வார்" என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அப்புறம் படங்களாக அனுப்பித் தள்ளினான்.

படங்களைப் பார்த்த அன்று வேறு வேலை ஓடவில்லை. மாட்டுக் கொம்புதான். அகலமான பக்கத்தை மரத்தால் அடைத்திருக்கிறார்கள். நுனியைத் துளைத்து ஒரு தக்கை. அவ்வளவு சாதாரணப் பொருளின் மேல் ஒரு ஊரே இருக்கிறது. வளைந்து போகிற ஆறு, கரையில் கோட்டை, கோட்டை மேல் கொடி, வரிசையாக வீடுகள், பாய்மரக் கப்பல், நாய் துரத்துகிற மான். நடுவில் கட்டம் போட்டு ஒருவரின் பெயர், இடம், வருடம். எல்லாம் மயிரிழைக் கோடுகள். நாங்கள் செய்வது கொம்பைக் குறைத்து உருவம் எடுக்கிற வேலை. இது மேல்பரப்பில் கீறி, கீறலுக்குள் கறுப்பு ஏற்றுகிற வேலை. இரண்டுக்கும் கைப்போக்கே வேறு.

என் சந்தேகங்கள் இவை. எங்களிடம் இருப்பது கறுத்த எருமைக் கொம்பு, அதில் கறுப்புக் கோடு தெரியாது. வெளிறிய மாட்டுக் கொம்பு பார்த்து வாங்க வேண்டும், அது சரி. கோடுகளை எதால் கீறினார்கள்? மை எப்படி நின்றது? ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்து, போதாக்குறைக்கு வளைந்தும் இருக்கிற பொருளில் வரைபடத்தை எப்படிப் பொருத்தினார்கள்?

இன்னொன்று, இதுதான் மனதை உறுத்துகிறது. கேட்டவர் 'வில்லியம் ஹென்றி கோட்டை, 1757' என்று எழுதச் சொல்கிறார். பழசு மாதிரி தெரிய நிறம் ஏற்றி, ஓரங்களைத் தேய்த்தும் தர வேண்டுமாம். நல்ல கூலி பேசியிருக்கிறார்கள். செய்யலாமா?

செங்கோட்டைப் பெண், புனலூர்:

தம்பி, பிறந்தது செங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது புனலூர். இடையில் பல வருடம் ஒரு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பராமரிப்பில் வேலை பார்த்தேன். கொம்பு, எலும்பு, தந்தம், தோல் எல்லாம் என் மேசைக்கு வரும். இந்த அமெரிக்கக் கொம்புகள் மேல் எனக்குத் தீராத பிரியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவை யார் கையில் இருந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1754 முதல் 1763 வரை வட அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர். ஆங்கிலேய அரசின் நிரந்தரப் படைவீரனுக்குத் தோல் பெட்டி உண்டு, அதில் குண்டும் மருந்தும் காகிதத்தில் சுருட்டித் தயாராக இருக்கும். குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த ஊர்ப்படைக்காரர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், கைத்தொழில்காரர்கள். தன் துப்பாக்கி, தன் கொம்பு என்று எடுத்துக்கொண்டு வந்தவர்கள். கொம்பில் தண்ணீர் இறங்காது, உரசினால் தீப்பொறி வராது, எடையும் கிடையாது. நன்றாகச் சுரண்டி மெலிதாக்கினால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே எவ்வளவு மருந்து மிச்சம் என்று பார்த்துவிடலாம். வீட்டில் மாடு இருக்கிறவனுக்குச் செலவும் இல்லை.

இன்றைய நியூயார்க் மாநிலத்தில், ஆல்பனி நகருக்கு வடக்கே ஜார்ஜ் ஏரி, எட்வர்ட் கோட்டை என்று முகாம்கள். சண்டை நடக்கிற நாள் குறைவு, காத்துக்கிடக்கிற நாள் அதிகம். அந்தக் காத்திருப்பில்தான் இந்தக் கலை வளர்ந்தது. சிலர் தன் கொம்பில் தானே கீறினார்கள். கை நன்றாக ஓடுகிறவனிடம் கூலி கொடுத்தும் கீறச் சொன்னார்கள்.

அப்படிக் கை ஓடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜான் புஷ். அடிமையாக இல்லாத கறுப்பினத்தவர். ஊர் மாசசூசெட்ஸில் ஷ்ரூஸ்பரி. உங்கள் மருமகன் இருக்கிற மாநிலம்தான், அவனிடம் சொல்லுங்கள். 1755, 1756-ல் ஜார்ஜ் ஏரி முகாமில் சக வீரர்களின் கொம்புகளில் கீறியவர். அவருடைய எழுத்தைப் பார்த்தால் மறக்க முடியாது. பெரிய எழுத்துகள் மெலிந்தும் தடித்தும் போகும், கொடி மாதிரி சுழிகள் கிளம்பிப் பக்கத்து இடத்தை நிரப்பும். அந்த முகாமில் பிறகு கீறியவர்கள் பலர் அவர் பாணியைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். 1757 ஆகஸ்டில் மான்காம் தலைமையில் பிரெஞ்சுப் படை அந்த ஏரிக்கரையில் இருந்த வில்லியம் ஹென்றி கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தது. அப்போது ஜான் புஷும் சிறைப்பட்டார்.

உங்களை எழுதச் சொல்லியிருக்கிற இடமும் வருடமும் அதுவே. இதைத் தெரிந்துகொண்டு கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதலில் வேலை.

கோடு கீற அவர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் பேனாக்கத்தியின் முனை. சிலரிடம் உலோகத்தில் கொத்துகிற கூர் உளியும் இருந்தது. கத்தியால் கீறும்போது ஒரு பக்கம் சாய்த்து ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு வெட்டு. நடுவில் மெல்லிய சுருள் எழுந்து வரும், பள்ளம் கூர்மையாக அமையும். அதனால் நேர்கோடு சுலபம், வளைவு கஷ்டம். பழைய கொம்பில் ஒரு வட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது ஒரே வட்டமாக இருக்காது, குட்டிக் குட்டி நேர்வெட்டுகள் கூடி வட்டம் ஆகியிருக்கும். பூ வடிவங்களுக்கு மட்டும் கவராயம் வைத்திருப்பார்கள், நடுவில் அதன் முள் குத்திய புள்ளி தெரியும். மான் உடம்பு, கோட்டைச் சுவர், தண்ணீர் இவற்றுக்கு நிழல் காட்ட நெருக்கமான சாய்கோடுகள்.

எழுத்துக்கு மேலும் கீழும் வழிகாட்டும் கோடு இழுத்திருப்பார்கள். பல கொம்புகளில் அதை அழிக்கவே இல்லை. வரியின் தொடக்கத்தில் எழுத்து தாராளமாக நிற்கும், முடிவில் இடம் போதாமல் நெருக்கியிருப்பார்கள். காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல். 'இன்னாருடைய கொம்பு, இன்ன முகாமில் செய்தது, இன்ன தேதி' என்பதுதான் வழக்கமான வாசகம். சில கொம்புகளில் நான் மருந்து, என் சகோதரன் குண்டு, நாங்கள் வீரரைப் போல் எல்லாரையும் வெல்வோம் என்ற பொருளில் ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டு ஆள் மாறி ஊர் மாறிப் பல கொம்புகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

மை பற்றி. கீறிய பிறகு விளக்குக் கரியையோ புகைக்கரியையோ கொழுப்பிலோ எண்ணெயிலோ குழைத்துத் தேய்த்து, மேலே நின்றதைத் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் மட்டும் தங்கும். சிலர் சிவப்பும் ஏற்றியிருக்கிறார்கள். இங்கே ஒரு விஷயம் முக்கியம். மெருகு முழுக்கப் போட்ட பிறகுதான் கீற வேண்டும். அரம் விட்ட கீறல் ஒன்று மிச்சம் இருந்தாலும் கரி அதிலும் ஏறிக்கொள்ளும், முகம் முழுக்க அழுக்காகிவிடும். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, அப்புறம் சொரசொரப்பான தேரக இலை போட்டுத் தேய்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அதில் என்னைவிட உங்களுக்கு அனுபவம் அதிகம்.

வரைபடம். நூலால் அளந்தார்களா, கண்ணாலேயே போட்டார்களா என்பது கைக்குக் கை மாறும். நீங்கள் இப்படிச் செய்யலாம். மெல்லிய காகிதத்தைக் கொம்பின் மேல் சுற்றி, வளைவின் உட்புறத்தில் மடிப்பு விழும் இடங்களைக் கத்தரித்து ஒட்டுங்கள். பிரித்து விரித்தால் விசிறி வடிவில் ஒரு தாள் கிடைக்கும். அதில் வரைந்து கொம்புக்கு மாற்றுங்கள். இதன் மறுதலையை ஒருவர் செய்திருக்கிறார். ரூஃபஸ் கிரைடர் என்ற ஓவிய ஆசிரியர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நியூயார்க் மாநிலத்தின் மொஹாக் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர். எங்கே மருந்துக் கொம்பு இருக்கிறது என்று கேட்டாலும் தேடிப் போய், சுற்றியிருக்கிற கீறலை எல்லாம் தட்டையாக விரித்துத் தாளில் வண்ணத்தில் வரைந்து வைத்தார். நூற்றுக்கணக்கான கொம்புகள். அவற்றில் பல இன்று எங்கே இருக்கின்றன என்றே தெரியாது, அவர் வரைந்த தாள் மட்டும் இருக்கிறது. அந்தத் தாள்கள் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. மருமகனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் 1937-ல் நன்கொடையாக வந்த கில்பர்ட் தொகுப்பு இருக்கிறது.

ஆறு பல கொம்புகளில் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அகன்ற அடிப்பக்கம் நியூயார்க் துறைமுகம், அங்கே கப்பல்கள். அங்கிருந்து ஹட்சன் ஆறு கொம்பின் நீளத்துக்கு ஏறும். ஆல்பனிக்குச் சற்று மேலே மொஹாக் ஆறு பிரியும், அது ஆண்டாரியோ ஏரிக்கரையின் ஆஸ்வீகோ பக்கம் போகிற வழி. நேரே வடக்கே போனால் எட்வர்ட் கோட்டை, ஜார்ஜ் ஏரி, டைகாண்டரோகா கோட்டை, சாம்ப்ளெய்ன் ஏரி. கொம்பு குறுகக் குறுக நாடும் குறுகி, காடாகி, எல்லைக்குப் போய்விடும். படை நடந்த வழியும் அதுவே. 1762-ல் ஆங்கிலேயர் கியூபாவின் ஹவானாவைப் பிடித்தபோது அந்தத் துறைமுகத்தையும் மோரோ கோட்டையையும் கீறிய கொம்புகள் உண்டு. 1775-ல் பாஸ்டனை முற்றுகையிட்ட சமயத்தில் ஊர்ப்படைக்காரர்கள் அந்த நகரத்தையும் சுற்றியிருந்த முகாம்களையும் கீறினார்கள். எங்கே நின்றார்களோ அதைத்தான் கீறியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கொம்புகள் மேல் உள்ள மதிப்பெல்லாம் இதில்தான். பூவும் கொடியும் எந்த நாட்டிலும் கிடைக்கும். ஒரு சாதாரண ஆள் தான் நின்ற இடத்தையும் தன் பெயரையும் தன் பொருளில் தானே பதிந்து வைப்பது அபூர்வம்.

இப்போது பழைய தேதி விஷயம். வேண்டாம் தம்பி. 1876-ல் அமெரிக்கா நூற்றாண்டு கொண்டாடிய காலத்திலிருந்தே இந்தக் கொம்புகளுக்குக் கிராக்கி. வெற்றாக இருந்த பழைய கொம்புகளை வாங்கிப் புதிதாகக் கீறி விற்றவர்கள் இருந்திருக்கிறார்கள். கொம்பு உண்மையிலேயே பழசு, கீறல் மட்டும் புதுசு. கண்டுபிடிக்கிறவனுக்குப் பெரிய தலைவலி. கோடு போகிற வழியில் பழைய வெடிப்பு வந்தால் கீறல் அதில் தடுக்கி விழுந்திருக்கிறதா, பூச்சி அரித்த குழிக்குள் மை இறங்கியிருக்கிறதா, கோட்டின் ஓரம் விரலுக்கு உறைக்கிறதா என்று பார்ப்போம். வாரில் தொங்கி இடுப்பில் உரசிய பக்கத்தில் கீறல் மங்கியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கியிருந்தால் யாரோ கையால் தேய்த்திருக்கிறார்கள்.

உங்களை மாதிரி கைத்திறமை உள்ளவர் மனது வைத்துச் செய்தால் இந்தச் சோதனையெல்லாம் தாண்டிவிடும். அதனால்தான் பயப்படுகிறேன். இன்று வாங்குகிறவருக்கு அது புதுசு என்று தெரியும், அவர் பேரனுக்குத் தெரியாது. அந்தக் கோட்டையில் நின்றவர்களின் பெயர்களுக்கு நடுவே இல்லாத ஒரு ஆள் சேர்ந்துவிடுவான்.

கேட்டவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவர் ஊர் ஆற்றைக் கீறிக் கொடுங்கள், அவர் பெயரையும் இந்த வருடத்தையும் போடுங்கள். அந்தக் காலத்து முறையில் செய்ததாகவும் இருக்கும், பொய்யும் இருக்காது.

ஏலமலை, குமுளி:

அக்கா எழுதியதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. தாத்தாவிடம் உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கி இருந்தது, குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற வகை. ஏலத்தோட்டத்தில் பன்றி இறங்கினால் அதுதான் காவல். அவரிடமும் மருந்துக் கொம்பு இருந்தது, எருமைக் கொம்பு. ஒரு கோடு கூடக் கிடையாது, கழுத்தில் வார் கட்ட இரண்டு வளையம் மட்டும் விட்டுச் செதுக்கியது. அளவுக்குப் பித்தளை மூடி.

பட்டறை அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிறிய கொம்பு தேடிப் போகும்போது காட்டுமாட்டுக் கொம்பை யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதன் அடிப்பக்கம் வெளிறி, நுனி மட்டும் கறுத்து அழகாக இருக்கும். கையால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. கடமான் கொம்பும் அப்படித்தான், தானாக உதிர்ந்து கிடந்தது என்று சொன்னாலும் விற்க வாங்க முடியாது. நாட்டுமாடு, எருமை என்றால் சிக்கல் இல்லை. ஆனாலும் எங்கே வாங்கினீர்கள் என்பதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

வெள்ளறடை வாசகன்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நாடகத்தில் கட்டபொம்மன் வேஷம் கட்டுகிறவருக்குக் கொல்லர் வாள் அடித்துத் தருகிறார். அதில் என்ன பொய்? நடித்துக் காட்டுகிறவருக்கு 1757 என்று எழுதிய கொம்புதான் வேண்டும், இந்த வருடத்துத் தேதியைப் போட்டால் வேஷம் கெட்டுப்போகும். நல்ல கூலி வருகிற ஒரு வேலையை, பேரன் காலத்தில் என்ன ஆகுமோ என்று சொல்லிக் கைத்தொழிலாளியைத் தட்டிக்கழிக்க வைக்க வேண்டுமா? நம் பக்கம் கொம்பு வேலை செய்கிற குடும்பங்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகின்றன.

செங்கோட்டைப் பெண், புனலூர்:

வெள்ளறடைத் தம்பி, கூலி பற்றிய உங்கள் அக்கறை எனக்கும் உண்டு. வேலையைத் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை, செய்தவர் பெயரை மறைக்க வேண்டாம் என்கிறேன். அமெரிக்காவில் இன்றும் மருந்துக் கொம்பு செய்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் நல்ல கைக்காரர்கள் தங்கள் பெயரையும் செய்த வருடத்தையும் போட்டுத்தான் விற்கிறார்கள், அந்தக் கையெழுத்துக்காகவே விலையும் ஏறுகிறது. லண்டனில் கொம்பு வேலைக்காரர் சங்கத்தைப் பற்றிய பதிவு 1284-லேயே இருக்கிறது. 1638-ல் அரச சாசனமும் பெற்றார்கள். நம் தொழிலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. செய்தவன் ஒளிந்துகொண்டால் அந்த மதிப்பு யாருக்குப் போய்ச் சேரும்?

வேஷத்துக்குப் பழைய வருடம் கட்டாயம் என்றால் ஒரு வழி உண்டு. 1757-ஐயும் கீறுங்கள், பாறசாலை என்பதையும் செய்த வருடத்தையும் கீறுங்கள். ஆனால் அடிப்பக்கத்து மரத்தில் வேண்டாம். மரத்தைக் கழற்றி வேறு போட ஒரு மணி நேரம் போதும். ஓரத்தில் தனியாகவும் வேண்டாம், அரம் போட்டால் போய்விடும். ஆற்றின் கரைக்கோட்டுக்குள்ளோ கோட்டைச் சுவருக்குள்ளோ சின்னதாகத் தமிழில் கீறுங்கள். அழிக்க வேண்டுமானால் கோட்டையையே அழிக்க வேண்டியிருக்கும். இடுப்பில் தொங்குகிறபோது பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது, வேஷமும் கெடாது. ஓரங்களைத் தேய்த்துப் பழசாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அவர் ஆசைப்பட்டால் கட்டிக்கொண்டு நடக்கட்டும், தானாகத் தேயும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். அந்த நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து போயிற்று. பிளாசிப் போருக்கு அடுத்த வருடம், 1758-ல், பாட்னா வெடியுப்பு வியாபாரம் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்குள் கொண்டுவந்தது. ஹட்சன் கரையில் கீறிய கொம்புகள் பலவற்றுக்குள்ளே நம் நாட்டு மண்ணில் காய்ச்சிய உப்பு இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பெயரை அப்படி ஒரு கொம்பில் கீறுவதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

கொம்புப்பட்டறை, பாறசாலை:

அக்காவுக்கும் குமுளித் தம்பிக்கும் வெள்ளறடைக்காரருக்கும் நன்றி. மருமகனிடம் பேசினேன், அவன் கேட்டவரிடம் பேசினான். ஜான் புஷ் கதையைச் சொன்னதும் அவரே மனம் மாறிவிட்டாராம். அவர் இருப்பது கனெக்டிகட் ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம். அந்த ஆற்றைத்தான் கீறப் போகிறேன், அவர் பெயரோடு. வருடம் இந்த வருடம். பாறசாலை என்பது தமிழில், ஆற்றுக்குள்.

கொம்பு கிடைத்துவிட்டது. சந்தைக்கு வருகிற மாடுகளின் கொம்பு வாங்கும் இடத்தில் குவியலைப் புரட்டிப் பார்த்தேன். வெளியே கறுத்துத் தெரிந்தாலும் மேல் அடுக்கைச் சுரண்டினால் உள்ளே தேன் நிறத்துக்கு வெளிறுகிற கொம்புகள் இருந்தன. வெயிலுக்கு எதிரே பிடித்துத் தேர்ந்தெடுத்தேன். வலப்பக்கம் தொங்கவிடுகிறவர் என்பதால் உடம்போடு ஒட்டி வளைகிற கொம்பாகப் பார்த்து எடுத்தேன்.

துண்டுக் கொம்புகளில் மை போட்டுப் பார்த்தேன். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் துடைக்கும்போது பாதி துணியோடு வந்துவிடுகிறது, மிச்சமும் கோடுகளை விட்டுக் கசிகிறது. கரியைத் தேன்மெழுகில் உருக்கிக் குழைத்துச் சூடாகத் தேய்த்தால் கோடு கூர்மையாக நிற்கிறது. கத்தியின் இரட்டை வெட்டு அக்கா சொன்னபடியே. பழகப் பழகச் சுருள் முறியாமல் வருகிறது. எழுத்துக்குத்தான் கை இன்னும் நடுங்குகிறது. ஜான் புஷ் எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காப்பியடிக்க அல்ல, தடித்த கோடு எங்கே மெலிகிறது என்று பார்க்க.

இந்த வேலை முடிந்ததும் எனக்காக ஒன்று கீற ஆசை. அடிப்பக்கம் கடல். பூவாறில் தொடங்கி நெய்யாறு ஏறி நுனியில் அகத்தியமலை. கிழக்குச் சுற்றில் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேர்கிற குழித்துறை ஆறு, குளச்சல், உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் தோற்கடித்தபோது பிடிபட்ட டி லனாய், பிறகு அதே திருவிதாங்கூர் மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர், உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கிறது. சிறுவயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டியது. அந்தக் கோட்டை மதில் கொம்பில் எப்படி வளையும் என்று இப்போதே தாளில் போட்டுப் பார்க்கிறேன். எல்லைக்கோடு போட மாட்டேன். 1956-க்கு முன்னால் இங்கே அப்படி ஒன்று இல்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். அவர் உண்மையிலேயே மருந்து போட்டு வெற்று வெடி வெடிப்பாராம். அடிப்பக்கத்து மரத்தை எப்படிப் பொருத்தினால் காற்று புகாது?

செங்கோட்டைப் பெண், புனலூர்:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. கீறல் முடிந்ததும் படம் போடுங்கள், நெய்யாற்றுக் கொம்பையும் சேர்த்து.

மரம் பொருத்துவது. கொம்பின் வாய் வட்டமாக இருக்காது. அடியை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் பிடித்து இளகவைத்து, கூம்பாகக் கடைந்த கட்டையை இறுக்கி, ஆறும் வரை விட்டால் வாய் வட்டமாகிவிடும். இதை மெருகுக்கும் கீறலுக்கும் முன்பே செய்துவிடுங்கள். பிறகு சூடு காட்டினால் நீங்கள் ஏற்றிய மெழுகு மை இளகிவிடும். அப்புறம் நன்றாகக் காய்ந்த மரத்தில் நிரந்தர அடைப்பைக் கடைந்து, விளிம்பில் தேன்மெழுகு தடவி இறக்குங்கள். பழையவற்றில் சுற்றிலும் சின்ன மர ஆணிகள் அடித்திருப்பார்கள், சிலவற்றில் உலோக ஆணி. நீங்கள் மூங்கில் ஆணி போடுங்கள், ஓட்டையை முதலில் துளைத்துவிட்டு. கொம்பில் நேரே அடித்தால் அடுக்கு பிளந்துவிடும்.

நுனியின் துளை கொம்பின் உட்குழியைச் சந்திக்க வேண்டும். நுனிப்பக்கம் எவ்வளவு தூரம் கெட்டி என்பது கொம்புக்குக் கொம்பு மாறும். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, வெளியே அதே அளவைக் குறித்துக்கொண்ட பிறகு துளையுங்கள். நுனியை வெட்டும் இடம் அதன்படி. தக்கைக்குக் கடினமான மரம், லேசாகக் கூம்பு. எல்லாம் முடிந்ததும் தக்கையை எடுத்துவிட்டுக் கொம்பின் நுனித் துளையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் அடைப்பு சரி. விட்டுவிட்டால் விளிம்பைச் சுற்றி இன்னொரு தடவை மெழுகு ஓட்டுங்கள்.